யாக்கோபு திருநாளுக்குப் பிறகு பாதை இல்லை

கீழ்ப்பாலம்
ஜூலை 26

விகிலுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. மலைமேல் மாடுகளோடு உட்கார்ந்து சீஸ் கிண்டிக்கொண்டிருப்பவனின் நலத்துக்கு என்ன குறைச்சல்? அக்கா ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று ஃபிளோரினிடம் மூக்கைச் சிந்தினாயாம். உன் மேய்ச்சல்வெளியில் சிக்னலே கிடையாது. யாருக்குப் போன் பண்ண, மாட்டுக்கா? அதனால்தான் எழுதுகிறேன். சீஸ் ஏற்ற ஜீப்பில் வரும்போது ஃபிளோரின் இதைத் தருவான்.

நேற்று யாக்கோபு திருநாள். அப்பா காலத்திலிருந்து அன்றைக்கு என்ன செய்வோம்? திராட்சைத் தோட்டத்தின் இரண்டு வாசலிலும் மரத்தில் செதுக்கிய கையைத் தொங்கவிடுவோம். கை தொங்கினால் பாதை மூடியாயிற்று. பழம் பறித்து, நவம்பரில் மார்ட்டின் திருநாள் வரும்வரை வெளியாள் ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். காலையில் ஏணி போட்டு மாட்டிவிட்டு, இலை கிள்ள வரிசைக்குள் போனேன்.

மரம் அறுக்கும் ஆலைப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் வந்தது. வளைந்த கைப்பிடி, தடித்த டயர், முழங்கால்வரை சரளைத் தூசி. வாசலில் நின்று கையை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தன் சொல்கிறான்: "டேய், இங்க பாருங்கடா, கையே காட்டி வெச்சிருக்காங்க. இப்படித்தான் போகணும்!" அவ்வளவுதான், அத்தனை பேரும் உள்ளே.

நான் கத்தரிக்கோலோடு இலைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். "யாரைக் கேட்டு உள்ள வர்றீங்க?"

"பாதையிலதானேம்மா போறோம். நீங்க கை வெச்சது ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு. நன்றிம்மா!"

நன்றியாம்! சைக்கிளில் மாட்டியிருந்த சின்னத் திரையைக் காட்டினார்கள். அதில் ஒரு நீலக் கோடு என் தோட்டத்தின் மேல் அடுக்கு வழியாக, மலைச்சரிவைத் தாங்கும் கல்சுவரோரமாக, இந்த வாசலிலிருந்து அந்த வாசல்வரை ஓடுகிறது. யார் போட்ட கோடு? நீ போட்டது. வசந்தத்தில் உங்கள் சுற்றுலாச் சங்கத்துக்காகச் சைக்கிள் பாதை என்று நீ வரைந்தாய், சோதனை ஓட்டம் என்றாய், அதையும் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். செப்டம்பர் பத்தாம் தேதி சங்கம் கூடி அதை நிரந்தரமாக்கப் போகிறதாம். அதற்கு என் சம்மதம் வேண்டுமாம். இப்போதுதான் ஞாபகம் வந்ததா, இந்தத் தோட்டத்துக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள் என்று?

பண்ணையை அப்பா எனக்குக் கொடுத்தார். ஒரு பண்ணையை இரண்டாக வெட்டக் கூடாது என்பது நம் பக்கத்துச் சட்டம். அதை நான் போடவில்லை. அந்தக் கோபத்தைக் கோடு போட்டுத் தீர்க்காதே. கோட்டை அழித்துவிடு.

மேனா

---

டர்னால் மேய்ச்சல்வெளி
ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

சாம்பல் நிறக் கிடாரி ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறங்கி வெளியே வர மறுத்துவிட்டது. இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்கிறது. புல் நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிரிக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் சிரித்துவிட்டேன். அக்கா, ஹாம்பர்க்கிலிருந்து வருகிறவனுக்கு மரக் கையைப் பற்றி என்ன தெரியும்? விரலை நீட்டிக்கொண்டிருந்தால் வழி காட்டுகிறது என்றுதான் நினைப்பான். கையை மறுபக்கம் திருப்பி மாட்டிப் பார்.

பண்ணை விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. திராட்சைக்கு மருந்தடிக்க என்னை எழுப்பினால் நான் எப்படி எழுந்திருப்பேன் என்று அப்பாவுக்குத் தெரியும்.

இனி அந்த நீலக் கோடு. மரம் அறுக்கும் ஆலைக்கும் கீழ்ப்பாலத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பாறை. நடுவில் நெடுஞ்சாலை. பாறைக்கு மேலே உன் தோட்டம். சைக்கிளில் போகிறவனுக்கு இருப்பது இரண்டு வழிதான், உன் மேல் அடுக்கு இல்லையென்றால் லாரிச் சாலை. மூன்றாவது இருந்தால் அதைத்தான் வரைந்திருப்பேன், உன்னிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டேன். என் ரோஸ்வித்தா ஆப்பிள் கிடங்கில் வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்தது அந்தச் சாலையில்தான். லாரி தட்டி அவள் போனதிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதில்லை, ஃபிளோரின் ஜீப்பில்கூட. இது உனக்குத் தெரியும். தெரிந்ததை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

விகில்

---

கீழ்ப்பாலம்
ஆகஸ்ட் 4

விகிலுக்கு,

வெண்ணெய் நன்றாக இருந்தது. உன் யோசனைதான் உருப்படவில்லை.

கையை மறுபக்கம் திருப்பினேன். இப்போது அது பக்கத்து வீட்டுக் கோர்பினியனின் ஆப்பிள் தோட்டத்தைக் காட்டியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு இருபது பேர் வரிசையாக அவன் தோட்டத்துக்குள் இறங்கி, நேராக அவன் வீட்டுக் கோழிக்கூண்டில் போய் முட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் அங்கே வழியே இல்லை. கோர்பினியன் சாப்பாட்டுத் துணியைக் கழுத்தில் கட்டியபடியே என் வாசலுக்கு வந்துவிட்டான்.

"ஏம்மா மேனா, ஒனக்கும் எனக்கும் என்ன பகை? உன் தொல்லையை என் தலையில தள்ளிவிடுறியே!"

"நான் எங்க தள்ளினேன்? கைதான் அந்தப் பக்கம் பாத்துச்சு."

"கைக்கு நீதானே ஆணி அடிச்சே?"

ஒரு பாட்டில் சிவப்பு வைன் கொடுத்து அனுப்பினேன். அவன் மனைவி இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ரோஸ்வித்தாவைப் பற்றி எழுதியிருந்தாய். எழுதினது நல்லது. வாய் திறந்தாயே. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்தால் கோபித்துக்கொள். பெண்டாட்டியை முன்னால் நிறுத்திவிட்டு அவளுக்குப் பின்னால் நீ ஒளியாதே. அவள் உயிரோடு இருந்திருந்தால் என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டு, "மேனா, உன் சுவரோரமா ஒரு பாதை குடேன்" என்று கேட்டிருப்பாள். உனக்கு மெரான் நகரத்துச் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடு இழுக்க வந்தது, நேரில் என் கதவைத் தட்ட வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கேட்டிருக்கலாம்.

மேனா

---

டர்னால்
ஆகஸ்ட் 9

அக்கா,

இதைக் கொண்டுவருகிற பெண் ஜெர்மனியில் உல்மிலிருந்து சைக்கிளில் வந்திருக்கிறாள், நல்லவள். மூன்று தட்டு சூப் குடித்தாள். ஃபிளோரினுக்காகக் காத்திருக்க மனமில்லை, அதனால் இவளிடம் கொடுத்தேன். உன் தோட்டம் வழியாகத்தான் வருவாள், திட்டாதே.

கேட்டிருந்தால் நீ இல்லை என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. போதுமா?

கையைப் பக்கவாட்டில் மாட்டாதே. உள்ளங்கை வருகிறவன் முகத்துக்கு நேராக இருக்கும்படி, விரல்கள் மேலே பார்த்தபடி ஆணி அடி. போலீஸ்காரன் கை மாதிரி. அதைப் பார்த்தும் நிற்கவில்லை என்றால் அவன் மனுஷனே இல்லை.

கிடாரி மறுபடியும் சேற்றில்.

விகில்

---

கீழ்ப்பாலம்
ஆகஸ்ட் 16

விகிலுக்கு,

உல்ம் பெண்ணைத் திட்டவில்லை. ரொட்டி உருண்டை கொடுத்து அனுப்பினேன். அவளுக்கு அடுக்குச் சுவர்களைப் பார்த்து அவ்வளவு ஆச்சரியம். "இதையெல்லாம் சிமென்ட்டே இல்லாமயா கட்டியிருக்கீங்க?" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கையை நீ சொன்னபடி மாட்டினேன். உன் மூளையை என்னவென்று சொல்வது! மறுநாள் காலை முதலில் வந்தவன் அந்த உள்ளங்கையைப் பார்த்தான், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான், போகிற போக்கில் பட்டென்று அதில் கை தட்டிவிட்டுப் போனான். பின்னால் வந்தவளும் தட்டினாள். அதற்குப் பிறகு வருகிற ஒருத்தர் விடாமல் தட்டுகிறார்கள். இலைக்குள் இருந்தால் நாள் முழுக்கப் பட், பட், பட். நேற்று மாதா திருநாள் பூசை முடிந்து வருகிறேன், நம் பாதிரியாரும் நின்று ஒரு தட்டு தட்டிவிட்டு, "இது எப்போ வெச்சது மேனா, நல்லாருக்கே!" என்கிறார். சிரிக்காதே. சரி, சிரி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் இனி எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

வியாழக்கிழமை ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். மேல் அடுக்கில், பேரிக்காய் மரத்துக்குப் பக்கத்தில் சுவர் திரும்புகிற இடம் தெரியுமே. பாதை அங்கே ஒரு கைவண்டி அகலம்தான். பையன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். முன்சக்கரம் சரளையில் வழுக்கிச் சுவர் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. கீழே இரண்டு ஆள் உயரம், அதற்கும் கீழே கல். அவன் பக்கவாட்டில் விழுந்தான், நல்லவேளை, உள்பக்கமாக. முழங்கை சிராய்ப்பு. "ஒண்ணும் இல்லைங்க" என்று அப்பாக்காரன் சொல்கிறான், பையன் சிரிக்கிறான், நான் மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையன்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, விகில். பழத்துக்காக இல்லை. நாலு குலை போனால் போகட்டும். ரோஸ்வித்தாவைக் கொண்டுவந்த அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தவள் நான். அப்படி ஒரு முகத்தோடு எவனோ ஒருத்தன் என் தோட்டத்து வாசலில் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. நீ சாலையைக் கண்டு பயப்படுகிறாய், நான் சுவரைக் கண்டு பயப்படுகிறேன்.

அதனால் என் பதில் இல்லை. சங்கத்திடம் நான் சொல்வதற்குள் நீயே சொல்லிவிடு.

மேனா

---

டர்னால்
ஆகஸ்ட் 21

அக்கா,

சரி.

சங்கத்துக்கு எழுதிவிட்டேன். ஃபிளோரின் உன் கடிதத்தோடு அதையும் கொண்டுவருவான், தபாலில் சேர்த்துவிடச் சொல். உன் தோட்டம் பாதையில் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

பாதை அதனால் நிற்காது. கஷ்கொட்டைக் காடு, சிற்றாலயம், இந்த மேய்ச்சல்வெளி எல்லாம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆலைக்கும் பாலத்துக்கும் நடுவில் அந்த நீலக் கோட்டை நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவார்கள், மூன்று கிலோமீட்டர்தானே என்பார்கள். அதை வேறு யாராவது வரையட்டும். எனக்குக் கை வராது. இந்த வேலை வேண்டாம் என்றும் சேர்த்தே எழுதிவிட்டேன். உன்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. பையன் விழுந்ததைப் படித்துவிட்டு எனக்கும் தூக்கம் வரவில்லை. அந்தத் திருப்பத்தை நான் வந்து பார்க்கவே இல்லை. சின்ன வயதில் ஓடின பாதைதானே என்று வரைந்துவிட்டேன்.

கேட்டிருந்தால் நீ அந்தத் திருப்பத்தைச் சொல்லியிருப்பாய்.

விகில்

---

கீழ்ப்பாலம்
ஆகஸ்ட் 27

விகிலுக்கு,

வெண்ணெய் கிடைத்தது. கடிதம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

சங்கத்துக்கு நீ எழுதினதை ஃபிளோரினிடமிருந்து நான் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தபாலில் போடவில்லை. எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். எதற்கு என்று கேட்காதே. கோர்பினியனிடம் ஒரு வேலை இருக்கிறது.

கிடாரி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே?

மேனா

---

டர்னால், உன் வீட்டு மேஜை
செப்டம்பர் 5, சாயங்காலம்

விகில்,

எங்கேடா போய்த் தொலைந்தாய்? அடுப்பில் சூடு இருக்கிறது, தொப்பி கொக்கியில் இருக்கிறது, ஆளைக் காணோம். காட்டுச் சாலையில் ஜீப் தடம் புதிதாக இருக்கிறது. ஃபிளோரினோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாய் என்று தெரிகிறது. நான் வருகிற அன்றைக்குத்தானா?

நான் எப்படி வந்தேன் என்று கேள். கோர்பினியனிடம் அவனுடைய பேட்டரி சைக்கிளை இரவல் வாங்கி ஒரு வாரமாகப் பழகினேன். முதல் நாள் அவன் கோழிக்கூண்டிலேயே போய் முட்டினேன். அவன் மனைவி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள், இப்போது பேச்சுவார்த்தை சரியாகிவிட்டது. இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் கோட்டிலேயே கிளம்பினேன். பாதிரியார் செய்ததை நானும் செய்தேன், கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன். யாரிடமும் சொல்லாதே.

சுவர் திரும்புகிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே நின்று கீழே பார்த்தேன். இத்தனை வருஷம் அந்த அடுக்கில் வேலை செய்கிறேன், கண் முழுக்கக் கொடியில்தான் இருந்திருக்கிறது. ஆப்பிள் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பாறையோரமாக ஒட்டிக்கொண்டு ஒருத்தன் சைக்கிளில் வந்தான். பின்னால் ஒரு லாரி, முன்னால் ஒரு லாரி. இரண்டும் ஒன்றையொன்று கடந்தபோது அவன் எனக்குத் தெரியவில்லை. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். லாரிகள் போனதும் தெரிந்தான், கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

அந்தத் திருப்பத்தில் நாற்பது அடிக்குக் கஷ்கொட்டைக் கம்பம் நட்டு இரண்டு கட்டை குறுக்கே அடிக்க வேண்டும். கொடிக்கு நடுகிற கம்பம்தான், என்னிடம் மிச்சம் கிடக்கிறது. அந்த இடத்தில் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதை நீ உன் திரையில் எழுது, கை காட்டினால் இவர்களுக்குப் புரியாது. யாக்கோபு திருநாளுக்குப் பிறகும் வரட்டும், பரவாயில்லை. திராட்சை தின்கிறவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சங்கத்துக்கு எழுதின கடிதத்தை உன் அடுப்பிலேயே போட்டுவிட்டேன்.

என் பதில் சரி. கேட்காமலே சொல்கிறேன், தெரிந்துகொள்.

மாடுகள் வேலியருகில் வந்து நின்று கத்துகின்றன. மடி கனத்துவிட்டது போல. நானே கறந்துவிடுகிறேன். சாம்பல் கிடாரி இப்போதும் சேற்றில்தான் நிற்கிறது, அதை நீ வந்து பார்த்துக்கொள்.

மேனா

---

கீழ்ப்பாலம், உன் சமையலறை
செப்டம்பர் 5, சாயங்காலம்

அக்கா,

சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. நீ எங்கே போனாய் என்று கோர்பினியனைக் கேட்டால் சிரிக்கிறானே தவிர வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். கோழிகளுக்குத் தீனி வைத்தேன். நாலு மணிக்குத் திரும்பலாம் என்று சொன்ன ஃபிளோரின் மதுக்கடையில் உட்கார்ந்துவிட்டான். கறவை நேரம் தாண்டிவிட்டது. அங்கே மாடுகள் கத்திக்கொண்டிருக்கும், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஃபிளோரின் என்னை மரம் அறுக்கும் ஆலையில் இறக்கிவிட்டான். ஆலைப் பக்க வாசலில் நின்று, "மேனாக்கா, வரட்டுமா?" என்று குரல் கொடுத்தேன். இலைக்குள் இருந்து, "வா வா" என்று யாராவது சொல்லாமல் நம் ஊரில் எவன் அடுத்தவன் வரிசைக்குள் நுழைவான்? மறுபடி கூப்பிட்டேன். சத்தமே இல்லை. நீ உள்ளே இருந்துகொண்டே பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. ஒரு தடவை கேட்காமல் போனது போதும்.

அதனால் நெடுஞ்சாலை வழியாக நடந்து வந்தேன். ரோஸ்வித்தாவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பாறையைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். அவள் விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடித்து, "சாகணும்னு ஆசையாய்யா?" என்று கத்திவிட்டுப் போனான். இல்லை என்று நானும் கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்காது.

இப்போது கேட்கிறேன், மேனாக்கா. உன் சமையலறையில் உட்கார்ந்து, நானே போட்ட காபியைக் குடித்துக்கொண்டு கேட்கிறேன். உன் சுவரோரமாக ஒரு பாதை தருவாயா? அந்தத் திருப்பத்துக்கு நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். இல்லை என்றாலும் பரவாயில்லை, கோபிக்க மாட்டேன்.

இருட்டுவதற்குள் மாட்டைப் பார்க்கப் போயாக வேண்டும். பதிலை ஃபிளோரினிடம் கொடுத்தனுப்பு. ஆலைவரைக்கும் நான் வந்த சாலையிலேயே திரும்பிப் போகிறேன்.

விகில்